மகன்: இல்லை

எங்கள் குலதெய்வக் கோயிலில் படையல் முடிந்ததும் பங்காளிகள் உட்கார்ந்து ஏழு தலைமுறைப் பெயர்களைச் சொல்வார்கள். இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார் என்று தடங்கல் இல்லாமல் வரும். கல்லூரியில் படித்த காலத்தில், அந்த ஏழு பேரையும் பெற்றவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டேன். “பொம்பளப் பேரெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா” என்றார் பெரியப்பா ஒருவர். அவர் குரலில் கோபமில்லை. கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

அப்பத்தாவோடு கடைசிவரை இருந்தவர் என் அத்தை. அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சேலைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மணியார்டர் துண்டுகள், முதியோர் உதவித்தொகை அனுமதித்த ஆணை, அந்த உதவித்தொகைக்காக மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கிய விண்ணப்பத்தின் கார்பன் நகல். வருடம் 1979. சிபாரிசு செய்து கையொப்பமிட்டவர் கிராம முன்சீப். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய காலத்துக் காகிதம் அது.

நிலம் இருந்தவர்களுக்குப் பத்திரம் இருக்கிறது. படித்தவர்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டும் இல்லாத என் அப்பத்தாவைப் பற்றி அரசாங்கம் எழுதிவைத்த ஒரே எழுத்து இது. அவர் சோற்றுக்கு வழியில்லை என்று சொன்னதால் எழுதப்பட்டது.

அதை ஒரு வரலாற்று மாணவியாகத்தான் படிக்க முயன்றேன். வயதுக்கு ஆதாரம் என்ற இடத்தில், எம்டன் கப்பல் குண்டு போட்ட வருஷம் தான் கைக்குழந்தை என்று மனுதாரர் சொல்வதாக எழுதியிருந்தது. எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22. பிறப்புப் பதிவு இல்லாத ஒரு பெண்ணின் வயது எங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான். பிறந்த ஊரின் பெயர் இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மகள் ஒருத்தி, கூலி வேலை.

அடுத்த வரி: மகன் இல்லை.

அந்த இல்லாத மகன்தான் என் அப்பா. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. கோயம்புத்தூரில் மில் வேலை. நான் பிறந்ததும் அதே வருடம்தான்.

படித்தவுடன் எனக்குத் தோன்றியது, அப்பத்தா பொய் சொல்லியிருக்கிறார் என்பது. பிறகு பதிலை விட்டுவிட்டுக் கேள்வியைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. ஆதரவற்ற விதவைகளுக்கு 1975இல், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986இல் தனித் திட்டங்கள் வந்தன. பெயர்களைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் பசியை அரசு அளந்தது, அவளுக்கு எந்த ஆண் இல்லை என்பதை வைத்துத்தான். காப்பாற்ற வயதுவந்த மகன் இருந்தால் அவள் ஆதரவற்றவள் அல்ல. மகன் இருக்கிறான், ஆனால் காப்பாற்றவில்லை என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. இருந்த கட்டத்துக்குள் அவர் தன் நிலைமையைச் சொன்னார்.

இது நம் ஊரோடு முடியும் கதை அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் மனைவியருக்கு அந்நாட்டு அரசு ஓய்வூதியம் கொடுத்தது. கறுப்பின வீரர்களின் மனைவியரிடம் திருமணச் சான்று கேட்டால் என்ன செய்வார்கள்? அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் திருமணமாகவே ஏற்றதில்லை. 1864இல் சட்டம் திருத்தப்பட்டு, கணவன் மனைவியாக வாழ்ந்ததற்குச் சாட்சி இருந்தால் போதும் என்றானது. அதனால் பிரசவம் பார்த்தவர்களும் உடன் வேலை செய்தவர்களும் சாட்சி சொன்னார்கள். யார் யாரோடு விற்கப்பட்டார்கள், எந்தக் குழந்தை எங்கே பிறந்தது என்பதெல்லாம் எழுத்தில் ஏறியது. இன்று கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடி வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் புரட்டுவது இந்தக் கோப்புகளைத்தான்.

ஹாரியட் டப்மனுக்கும் அப்படி ஒரு கோப்பு உண்டு. அடிமைகளை விடுவித்தவர், போரில் உளவு வேலை பார்த்தவர். ஆனால் அவருக்கு முதலில் மாதம் 8 டாலர் கிடைத்தது நெல்சன் டேவிஸ் என்ற வீரரின் விதவை என்பதால். அந்தக் கணவர் படையில் வேறு பெயரில் இருந்தது ஏன் என்பதையும், தன் முதல் திருமணத்தையும் அவர் விளக்க வேண்டியிருந்தது. 1899இல்தான் அது 20 டாலராக உயர்ந்தது.

அதே அரசு 1882இல் இன்னொரு சட்டம் போட்டது. ஓய்வூதியம் வாங்கும் விதவை வேறொரு ஆணோடு வாழ்வது தெரிந்தால் பணம் நிற்கும். விசாரணைக்கு அதிகாரிகள் அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டார்கள். நம் ஊரில் விதவை உதவித்தொகைக்கு மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று சான்று வாங்கி அலைந்த பெண்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. குடும்ப வரலாற்றைத் தேடும் மாணவிகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: உதவித்தொகைக் கோப்பில் இருப்பது ஒரு பெண்ணின் வாழ்க்கை மட்டுமல்ல, அவளை வேவு பார்த்த கண்ணும்தான். பதிலைப் படிக்கும் முன் கேள்வியைப் படியுங்கள். அதன் பிறகு சாட்சிகளைப் பாருங்கள்.

என் அப்பத்தாவின் மனுவில் சாட்சிகள் இருவர். ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்னொன்று பெருவிரல் ரேகை. அதன் பக்கத்தில் ஒரு பெயரும் ‘உடன்பிறந்தவள்’ என்ற சொல்லும் ஊரும். அப்பத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த ஊருக்குப் போனேன். தங்கையின் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஊரையும் பெயரையும் இங்கே எழுதவில்லை. மூத்தவர் என்னை உட்காரவைத்து, அவர் பாட்டி அழும்போதெல்லாம் கூப்பிட்ட தாயின் பெயரைச் சொன்னார். அது என் அப்பாவைப் பெற்றவரைப் பெற்றவரின் பெயர். ஏழு தலைமுறை ஆண்களுக்கு எதிரே என்னிடம் இருப்பது இப்போது இரண்டு பெண்கள்.

மூலக் கோப்பைத் தேடி அலுவலகத்துக்கும் போனேன். அங்கே இல்லை. வருவாய்த் துறையில் முடிந்த கோப்புகளுக்கு ஆயுள் வகுத்திருக்கிறார்கள்: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று ஆண்டு, எல்.டிஸ். ஓர் ஆண்டு. நிலத்தின் கதை நூறாண்டு தாண்டியும் கிடைக்கிறது. கூலிக்காரக் கிழவியின் கதை அவ்வளவு காலம் நிற்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தை அந்தக் கார்பன் நகலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். ஆவணக் காப்பாளர் என்று நான் மதிப்பது அவரைத்தான். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய மணியார்டர் துண்டோ ரேஷன் கார்டோ இருந்தால் குப்பை என்று எரித்துவிடாதீர்கள்.

அப்பாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். அவருக்கு எண்பது வயது. ஒருநாள் அவரே பையைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

“உங்கள இல்லைன்னு எழுதச் சொல்லியிருக்காங்கப்பா. உதவிப் பணத்துக்காகத்தான்” என்றேன், அவசரமாக.

“மூணு வருஷம் நான் ஒரு பைசா அனுப்பல” என்றார் அப்பா. “எங்காத்தா பொய் சொல்லல.”

தாளை மடித்து என்னிடம் தந்தார். அடுத்த படையலில் பங்காளிகள் பெயர் சொல்லி முடித்ததும், யாரும் கேட்காமலே தன் தாயின் பெயரையும் அவர் தாயின் பெயரையும் சத்தமாகச் சொன்னார். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.