தொப்புளைச் சுற்றி 14

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேனோட பையன் வழக்கம்போல எங்க வீட்டுப் பூனையோட விளையாட வந்தான். ஆறாவது படிக்கிற வாலு. வழக்கமா ரெண்டு கையாலயும் அவளைத் தூக்கிக் கொஞ்சுறவன், அன்னிக்கு இடது கையை மட்டும் நீட்டினான். வலது கை முழுக்கைச் சட்டைக்குள்ள. சென்னை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டா சந்தேகம் வராதா?

"என்னடா கையில?"

"ஒண்ணுமில்ல அங்கிள்."

சட்டையை மேல ஏத்திப் பார்த்தா மணிக்கட்டுல ரெண்டு பல் தடம். காயத்து மேல காபித்தூள் அப்பியிருந்தது. பத்து நாளா தண்ணித்தொட்டி பக்கத்துல ஒளிச்சு வெச்சு வளர்த்த தெருநாய்க்குட்டி, வியாழக்கிழமை கடிச்சிருக்கு. "குட்டி எங்கடா?"ன்னேன். "நேத்து செத்துப் போச்சு அங்கிள்"னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சான். அழுகை கைக்காக இல்லை, குட்டிக்காக.

அப்புறம்தான் அந்த வரி வந்தது. "எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள். தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களாம். ஆயா சொல்லுச்சு."

மக்களே, இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். இதே வரியை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1983. கும்பகோணம். நான் நாலாவது படிச்சுட்டு இருந்தேன். அடுத்த தெருவுல ஒரு சிநேகிதன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தெருநாய்க்கு பிஸ்கட் போட்டு வளர்த்தோம். ஒருநாள் அது கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஓடி வந்து ரெண்டு பேரையும் கடிச்சுது. எனக்கு தொடையில. ரத்தம் டிராயர்ல ஊறினதால வீட்டுல மாட்டிக்கிட்டேன். அவனுக்குப் புறங்கையில சின்னதா ஒரு கீறல். வேலிக்கம்பி கிழிச்சதா வீட்டுல சொல்லிட்டான். "அம்மாகிட்ட சொல்லிடாதடா, 14 ஊசிடா"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். நானும் சத்தியத்தைக் காப்பாத்தினேன்.

எனக்குத் தினம் ஒண்ணா 14 நாள் பெரியாஸ்பத்திரியில ஊசி. அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போவார். நான் கத்தின கத்து அடுத்த வார்டு வரைக்கும் கேட்டிருக்கும். வயிறு முழுக்கக் கொழுக்கட்டை கொழுக்கட்டையா வீங்கிக் கிடந்தது. ஊசி முடிஞ்சு ஒண்ணரை மாசம் கழிச்சு, அவன் தண்ணி குடிக்க மாட்டேங்கிறான்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்குத் தெம்பில்லை.

சரி, இந்த 14 ஊசி எங்கிருந்து வந்தது? தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு. படிக்கப் படிக்கக் கதை பாரிஸ்ல ஆரம்பிச்சு நம்ம கூனூர் வரைக்கும் வந்துடுச்சு.

1885 ஜூலை 6. ஜோசப் மைஸ்டர்னு 9 வயசுப் பையன். அல்சாஸ் பகுதியில வெறிநாய் கடிச்சு ரெண்டு நாள் ஆச்சு. அவனை அவங்கம்மா பாரிஸுக்குக் கூட்டிட்டு வந்து லூயி பாஸ்டர் முன்னாடி நிறுத்தினாங்க. பாஸ்டர் வேதியியல்காரர், டாக்டர் இல்லை. ஊசி போட அவருக்கு உரிமை கிடையாது. அதனால கிராஞ்சேங்கிற டாக்டர் ஊசி போட, பாஸ்டர் பக்கத்துல நின்னார்.

மருந்து என்ன தெரியுமா? வெறிநோய் வந்து செத்த முயலோட தண்டுவடம். அதை ஜாடியில தொங்கவிட்டுக் காயவைப்பாங்க. காயக் காய வீரியம் குறையும். முதல் ஊசி 15 நாள் காய்ஞ்சது. அப்புறம் நாளுக்கு நாள் புதுசு புதுசா, கடைசியில ஏறக்குறைய அப்படியே எடுத்தது. பத்து நாள்ல 13 ஊசி, எல்லாம் வயித்துத் தோல் மடிப்புல! வயித்துக்கும் இந்த ஊசிக்கும் இருந்த உறவு அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு. பையன் பிழைச்சான். பெரியவனானதும் பாஸ்டர் நிறுவனத்துலயே காவலாளியா வேலை பார்த்தான்.

ரேபிஸுக்குக் காரணமான வைரஸை பாஸ்டர் கண்ணால பார்த்ததே இல்லை. அன்னிக்கு இருந்த மைக்ராஸ்கோப்புக்கு அது சிக்காது. கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு மருந்து பண்ணினார் மனுஷன்!

கடிச்ச பிறகு தடுப்பூசி போட்டு எப்படிப் பிழைக்க முடியுது? விஷயம் எளிமை. இந்த வைரஸ் ரத்தத்துல ஓடாது. கடிச்ச இடத்துல இருக்கிற நரம்பைப் பிடிச்சு மெதுவா மூளைக்கு நடந்து போகும். பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு மாசம் ஆகும். முகத்துலயோ கழுத்துலயோ கடிச்சா தூரம் கம்மி, சீக்கிரம் போய்ச் சேர்ந்துடும். அது மூளையை எட்டுறதுக்குள்ள நம்ம உடம்பு எதிர்ப்பு சக்தியைத் தயார் பண்ணணும். ஓட்டப்பந்தயம் மாதிரிதான். நோய்க்குறி தெரிஞ்சுட்டா பந்தயம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் பிழைச்சவங்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிடலாம்.

அந்தக் காலத்துல இந்தியாவுல வெறிநாய் கடிச்ச வெள்ளைக்கார சிப்பாய்களைக் கப்பல் ஏத்தி பாரிஸுக்கு அனுப்பினாங்க. நம்ம ஆளுங்களுக்கு யார் கப்பல் குடுப்பா? 1900-ல சிம்லா பக்கத்துல கசௌலியில பாஸ்டர் நிறுவனம் திறந்தாங்க. வடக்கே இருக்கிறவங்களுக்குச் சரி. தெற்கே கடி வாங்கினவங்க நாட்டோட இன்னொரு கோடிக்கு ரயில் ஏறணும். 1902-ல நம்ம பக்கம் லில்லி பேகன்ஹாம்-வால்ஷ்னு ஒரு ஆங்கிலேயப் பெண், தெற்கே சிகிச்சை இல்லாததால ரேபிஸ்ல இறந்துபோனாங்க. அந்தச் சாவுக்கப்புறம் தெற்குக்கும் ஒரு நிறுவனம் வேணுங்கிற பேச்சு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர், இரும்பு வியாபாரி கார்னெகியோட கூட்டாளி, வைஸ்ராய் கர்சன்கிட்ட நன்கொடை குடுத்திருந்தார். பெரும்பங்கு பீகார்ல பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போச்சு. ஒரு பங்கு கூனூருக்கு வந்தது. 1907-ல தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் பிறந்தது. ஊட்டி மலை ரயில்ல போறவங்க கூனூர்ல அடுத்த தடவை அந்தக் கட்டடத்தையும் பாருங்க. சிம்ஸ் பார்க்குக்கு எதிர்லதான் இருக்கு.

இப்ப நம்ம 14-க்கு வருவோம். கசௌலியில இருந்த டேவிட் செம்பிள்ங்கிற ராணுவ டாக்டர் 1911-ல ஒரு புது முறை கண்டுபிடிச்சார். வெறிநோய் ஏத்தின பிராணியோட மூளையை அரைச்சு, கார்பாலிக் அமிலம் கலந்து வைரஸைக் கொன்னுடறது. இந்தத் தடுப்பூசிக்கு அப்புறம் பெரும்பாலும் ஆட்டு மூளைதான். பாஸ்டர் மருந்தை அங்கங்கே தினம் தயாரிக்கணும். செம்பிள் மருந்தைப் பாட்டில்ல அடைச்சு ஊர் ஊரா அனுப்பலாம். கும்பகோணத்துப் பையன் கசௌலிக்கும் போக வேண்டாம், கூனூருக்கும் போக வேண்டாம். எத்தனை லட்சம் பேருக்கு உயிர் குடுத்திருக்கும்!

ஆனா வீரியம் கம்மி. அதனால நிறைய மருந்தைப் பல நாள் போடணும். காயத்தைப் பொறுத்து 7 நாள், 10 நாள், 14 நாள்னு கணக்கு. மக்கள் மனசுல 14 மட்டும் நின்னுடுச்சு. அவ்வளவு மருந்தைத் தோலுக்கடியில தினம் ஏத்த, இடம் மாத்தி மாத்திக் குத்த, உடம்புல தாராளமா இடம் இருக்கிறது வயித்துல மட்டும்தான். தொப்புளுக்கும் மருந்துக்கும் வேற எந்த ரகசியத் தொடர்பும் கிடையாது :-)

வலி மட்டும் இருந்தா பரவாயில்லை. ஆட்டு மூளையில நரம்பு உறைப்பொருளும் சேர்ந்தே வருது. சிலருக்கு உடம்பு அதை எதிரின்னு நினைச்சு, தன்னோட நரம்பையே தாக்க ஆரம்பிச்சுடும். கைகால் விளங்காமப் போனவங்க உண்டு, இறந்தவங்களும் உண்டு. ஆக, எங்க தெருவுல இருந்த பயம் முழுக்க முட்டாள்தனம் இல்லை. காரணம் இருந்த பயம்தான்.

மாத்து மருந்து வந்த கதை நிம்மதியானது. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்துல 1960-கள்ல மூளையே இல்லாம, ஆய்வகத்துல வளர்த்த மனித செல்லுல வைரஸை வளர்த்துத் தடுப்பூசி பண்ணினாங்க. ஈரான்ல வெறிபிடிச்ச ஓநாயும் நாயும் கடிச்ச 45 பேருக்கு அதைப் போட்டுப் பார்த்தாங்க. 45 பேரும் பிழைச்ச செய்தி 1976-ல வந்தது. போட்டது ஆளுக்கு ஆறே ஊசி. ஆனா விலை எக்கச்சக்கம். 1980-கள்ல வீரோ செல், கோழிக்கரு செல்னு மலிவான வழிகள் வந்தன. பணக்காரங்களுக்குக் கையில அஞ்சு ஊசி, ஏழைகளுக்கு வயித்துல 14-ன்னு நம்ம நாடு ரொம்ப வருஷம் ஓடுச்சு. 2004 கடைசியிலதான் ஆட்டு மூளைத் தடுப்பூசி இந்தியாவுல நின்னது. பாஸ்டரே 1895-ல கண்ணை மூடிட்டார். மூளையை அரைக்கிற முறை அவருக்கப்புறம் ஒரு நூறு வருஷத்துக்கு மேல நம்மகூட இருந்திருக்கு!

2006-ல தோலுக்குள்ளயே போடுற முறைக்கும் அனுமதி கிடைச்சது. ஒரு இடத்துக்கு 0.1 மில்லி, ரெண்டு கையிலயும். கடிச்சதும் முதல் ஊசி, அப்புறம் 3, 7, 28-ம் நாள். சதையில போட்டா 0, 3, 7, 14, 28. அவ்வளவுதான். தொப்புள் பக்கம் யாரும் வரமாட்டாங்க.

ஊசி மாறி இருபது வருஷம் ஆயிடுச்சு. ஆனா பயம் மாறலை. நம்ம ஐசிஎம்ஆர் ஆய்வு ஒண்ணு இந்தியாவுல வருஷத்துக்கு சுமார் 5,700 பேர் ரேபிஸால சாகறதா மதிப்பிடுது. தடுக்கக்கூடிய சாவுங்க இது. இதுல எத்தனை பேர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மறைச்சவங்களோ!

இன்னொரு பக்கமும் இருக்கு. மனுஷனுக்கு ஊசி போடுறது வாலைப் பிடிக்கிற வேலை. தலை இருக்கிறது நாய்கிட்ட. பாஸ்டரே முதல்ல நாய்களுக்குத்தான் போட்டுப் பார்த்தார். ஜப்பான் 1950-ல சட்டம் போட்டு, நாய்களைப் பதிவு பண்ணி, வருஷா வருஷம் தடுப்பூசி போட வெச்சுது. 1957-க்கு அப்புறம் அந்த நாட்டு மண்ணுல ரேபிஸ் இல்லை. நம்ம சென்னையில ப்ளூ கிராஸ் 1964-லயே தெருநாய்களைக் கொல்றதுக்குப் பதிலா கருத்தடை பண்ணி விடலாம்னு ஆரம்பிச்சாங்க. நாடு முழுக்க அதுக்கு விதி வர 2001 ஆச்சு. கருத்தடையோட தடுப்பூசியும் போடணும்னு விதியிலயே இருக்கு. எல்லாத் தெருவுலயும் நடந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!

நாய், பூனை வளர்க்கிற சக பதிவர்களுக்கு ரெண்டு வார்த்தை. குட்டிக்கு மூணு மாசத்துல முதல் ரேபிஸ் ஊசி, டாக்டர் சொல்ற நாள்ல பூஸ்டர், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு. "எங்க பூனை வெளியவே போகாது"ன்னு சொல்லாதீங்க, நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒருநாள் மொட்டை மாடியில கண்டன் பூனையோட சண்டை போட்டுட்டு மூக்குல கீறலோட வந்து நின்னா. கடிச்சாலோ பிராண்டினாலோ, முதல்ல குழாயைத் திறந்து சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. இந்த வைரஸுக்கு சோப்பு ஆகாது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எல்லாம் சமையலறையிலயே இருக்கட்டும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. நாயைப் பத்து நாள் கவனிச்சுட்டுப் போகலாம்னு உக்காராதீங்க. கவனிக்கிறது ஊசி போட ஆரம்பிச்ச பிறகு.

சரி, நம்ம வாலு என்ன ஆனான்?

சத்தியம் எல்லாம் பண்ணலை. கையைப் பிடிச்சு சோப்பு போட்டுக் கழுவி, அங்கேயே அவங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அவங்க ஆயா "அய்யோ, புள்ளைக்கு 14 ஊசியா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஆயா, அது எனக்குப் போட்டது. இப்ப கையிலதான்"னு சொல்லியும் அவங்க நம்பலை. அன்னிக்கு ராத்திரியே ஜிஹெச்ல காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின், கையில தடுப்பூசி. காயத்துல போட்டதுக்கு மட்டும் கத்தினான். கையில போட்டது முடிஞ்சதே தெரியாம, "இன்னும் போடலையா அங்கிள்?"னு கேட்டான்.

போன வாரம் 28-ம் நாள் ஊசியும் முடிஞ்சது. பத்து நாள் என்கூடப் பேசாம இருந்தவன், நேத்து வந்து பூனையை ரெண்டு கையாலயும் தூக்கினான். "இதுக்கு ஊசி போட்டாச்சா அங்கிள்?"னு கேட்டான். போட்டாச்சுடான்னேன்.

42 வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒருத்தனோட அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லியிருக்கணும். ஒன்பது வயசுக்கு அது தெரியலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கடி வாங்கினவன் மட்டும்தான். உங்க வீட்டுலயும் தொப்புள் ஊசிக் கதை சொல்ற ஆயா, தாத்தா இருந்தா, அது 2004-லயே முடிஞ்சுதுன்னு பேரப்பிள்ளைங்க காதுல விழற மாதிரி அவங்ககிட்ட சொல்லிடுங்க. அனுபவம் இருக்கிறவங்க பின்னூட்டத்துல எழுதுங்க.