அப்பாவின் சாப்பாடும் பிள்ளையின் சர்க்கரையும்

மதுரைக் காளவாசலில் ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை என்றால், பேச்சு நேராக அம்மாவிடம் போகும். மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், எதை ஒதுக்கினாள்? ராத்திரி சிக்னல் ஓரம் முட்டைப் பரோட்டாவும் சால்னாவுமாக வளர்ந்த அப்பாவை யாரும் கேட்பதில்லை. நம் நாட்டு ஆய்வும் பெரும்பாலும் தாய் பக்கமே நின்றது. நீரிழிவு ஆய்வாளர் சி.எஸ். யாஜ்னிக் குழு 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் தொடங்கிய ஆய்வு தாய்மாரின் ஊட்டம் பற்றியதுதான்.

அப்பாவையும் கேட்கச் சொன்ன இரண்டு ஆய்வுகள் 2016 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தன. இரண்டும் ஆண் சுண்டெலிகளை வைத்துச் செய்தவை. அமெரிக்காவில் ஆலிவர் ராண்டோவின் ஆய்வகத்தில் உபாஸ்னா சர்மா குழு புரதம் குறைந்த தீனி கொடுத்தது. சீனாவில் சி சென் குழு கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தது. ஒன்று பஞ்சத்துச் சாப்பாடு, மற்றது விருந்து. இரண்டிலும் சிக்கியது ஒரே பொருள்: விந்தணுவில் இருக்கும், செல் புரதம் கட்ட உதவும் டிஆர்என்ஏ உடைந்து உண்டான சின்னத் துண்டுகள்.

சர்மா குழுவின் பலம், அந்தத் துண்டுகள் வரும் வழியைக் காட்டியது. விதையில் உருவாகும்போது விந்தணுவில் அவை குறைவு. எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயைக் கடக்கும்போது, குழாய்ச் சுவரின் செல்கள் அவற்றை நுண்ணிய பைகளில் வைத்து விந்தணுவிடம் சேர்க்கின்றன. மனிதனில் இந்தக் குழாயை நீட்டினால் சுமார் ஆறு மீட்டர். டிஎன்ஏ எழுதி முடிந்த பிறகும் அப்பாவின் உடம்பு விந்தணுவில் எதையோ சேர்க்கிறது என்பதே இதில் பெரிய செய்தி.

ஆனால் என்னைக் கூடுதலாக நம்பவைப்பது சென் குழுவின் சோதனை. கொழுப்பு தின்ற எலியின் விந்தணுவிலிருந்து அந்தத் துண்டுகளை மட்டும் பிரித்து, சாதாரண எலிகளின் கருவுற்ற முட்டையில் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகள் கொழுப்புத் தீனியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அவற்றின் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளவில்லை. சேர்ந்து காணப்படுவது வேறு, காரணமாக இருப்பது வேறு; இங்கே காரணமே கையில் அகப்படுகிறது. முழு நோயும் கடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: இன்சுலினுக்கு உடம்பு மசியாத தன்மை இந்த வழியில் வரவில்லை. அதே எழுத்து வரிசை கொண்ட துண்டுகளை ஆய்வகத்தில் செய்து செலுத்தியபோதும் பலன் இல்லை. இயற்கைத் துண்டுகளின் மேலுள்ள வேதிக் குறிகளும் தேவைப்படுகின்றன.

மனிதரில்? ஸ்வீடனின் லின்ஷோபிங்கில் 15 ஆண்களுக்கு ஒரு வாரம் நல்ல சாப்பாடு, அடுத்த வாரம் நாளுக்கு மூன்றரை லிட்டர் குளிர்பானத்துக்கு ஈடான சர்க்கரை. 2019இல் வெளியான முடிவு: அந்த ஒரு வாரத்துக்குள் விந்தணுவின் இந்தத் துண்டுகள் மாறிவிட்டன. அது பிள்ளைக்குப் போகுமா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆகவே அம்மாமேல் போட்ட பழியைத் தூக்கி அப்பாமேல் வைக்க இது போதாது. குழந்தைக்காக மருத்துவரிடம் வரும் தம்பதியில் கணவனிடமும் 'என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்கப் போதும்.