அழகப்பா கல்லூரி வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவன் போன் செய்தான். மகளுக்குக் காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். "கவர்மெண்ட் ஆரம்பிச்ச ஆர்ட்ஸ் காலேஜ்தான் டீச்சர், பெரிசா ஒண்ணுமில்ல" என்றான், குரலை இறக்கி. அவனைக் குறை சொல்ல முடியாது. "வள்ளல் அழகப்பச் செட்டியார் கல்விக்கு வாரி வழங்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள் நான்தான். அந்தப் பாக்கியை இப்போது தீர்க்கிறேன்.

1947-க்கு முன் காரைக்குடிப் பிள்ளைகள் பள்ளி முடித்து மேலே படிக்க வேண்டுமென்றால் புதுக்கோட்டை, மதுரை, திருச்சி என்று வெளியூர்தான் போக வேண்டும். வசதி இல்லாத வீட்டில் படிப்பு அதோடு நின்றுவிடும். பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்துக் கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பரே சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய்த்தான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தார். அப்புறம் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, விமானம் ஓட்டும் லைசென்ஸ், ஊர் திரும்பி நூற்பாலை, விமான கம்பெனி. அதையெல்லாம் எழுதினால் தனிக்கதை ஆகிவிடும்.

1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, மாவட்டங்களில் கல்லூரி தொடங்கத் தனியார் முன்வர வேண்டும் என்றார். மேடைப் பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவதுதானே வழக்கம்? காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அழகப்பர் அங்கேயே சொல்லிவிட்டார்.

நிலம் பார்த்து, கட்டடம் எழுப்பி, பிறகு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அடுத்த மாதமே, நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆகஸ்டில், ஊருக்குள் இருந்த காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. ஒரே ஒரு கூடுதல் வகுப்பறைக்காக வருடக்கணக்கில் மனு எழுதியவள் நான். இந்த வேகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

"பணம் இருந்தது, கொடுத்தார்" என்று சிலர் சொல்வார்கள். அந்த நாளில் பணம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தானா? மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம் ஊர் வாயில் 'செக்ரி', இந்தச் செம்மண் பூமிக்கு வந்ததும் அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். 1948 ஜூலை 25-இல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி. கடைசி ஆண்டுகளில் உடம்பு படுத்தியது. 1957 ஏப்ரல் 5-இல் காலமானார். மறுநாள் வந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும்.

கல்லூரியை அரசு ஏற்றது பின்னால் நடந்தது. அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985-இல்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தம்பி, உன் மகள் எந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாய். சாயந்திரம் கூப்பிடு. இந்தத் தடவை குரலை இறக்காமல் சொல்.