மார்ஃபின் காணாமல் போன கதை

வலங்கைமான் என்றதும் பாடைக்காவடி ஞாபகம் வரும். சாகக் கிடந்து பிழைத்தவர்களைப் பங்குனியில் பாடையில் படுக்க வைத்து, இறந்தவருக்குச் செய்வதையெல்லாம் செய்து மாரியம்மன் கோவிலுக்குத் தூக்கிப் போவார்கள். பிழைத்தவர்களின் திருவிழா அது. இனி பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்த பின்னும் மாதக்கணக்கில் வலியோடு கிடப்பவர்களுக்கு என்ன செய்தோம்? அந்த வரலாறு கொஞ்சம் கசப்பானது.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய் பல நேரம் எலும்புக்குப் பரவும். எலும்பை அரிக்கும் செல்களை அது தூண்டிவிடும். முதுகு, இடுப்பு, தொடை என்று வலி. புரண்டு படுத்தாலே உயிர் போகும்.

1986இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று படிகளில் வழி சொன்னது. முதலில் பாராசிட்டமால் போன்றவை, பிறகு கோடீன், அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின். வலி வரும்வரை காத்திருக்காமல், கடிகாரம் பார்த்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாகத் தர வேண்டும். விலையும் குறைவு.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1985இல், நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது! கணக்கில் தவறினால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்ற பயம். ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வெவ்வேறு துறைகளில் பல உரிமங்கள் எடுக்க வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். எதற்கு வம்பு என்று மருந்துக்கடைகள் ஒதுங்கிக்கொண்டன. 1997இல் இந்தியா முழுவதும் பயன்படுத்திய மார்ஃபின் வெறும் 18 கிலோ. இத்தனைக்கும் அபின் விளைவது இங்கேதான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பயிராகி, காஜிப்பூர், நீமச் அரசு ஆலைகள் வழியாக வெளிநாடுகளுக்கு மருந்துக்காகப் போய்க்கொண்டிருந்தது. நெல் விளையும் ஊரில் பட்டினி கிடந்த மாதிரிதான்!

மாற்றம் கேரளாவில் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரணச் சங்கம் தொடங்கி, மார்ஃபின் மாத்திரையை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். போதைக்குத் திருப்பிவிடுவார்களே என்று கேட்டவர்களுக்கு 2001இல் லான்செட் இதழில் பதில் வந்தது. 2 ஆண்டுகளில் 1,723 நோயாளிகள். ஒரு முறைகேடுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியும் சட்டம் திருத்தப்பட 2014 ஆயிற்று. மறு ஆண்டு விதிகள் வந்தபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் மட்டும் போதும் என்றானது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எலும்பு வலிக்கு மார்ஃபினோடு கதிர்வீச்சும் தருவார்கள். முன்பு 10 நாள் தந்ததைச் சிக்கலில்லாத வலிக்கு ஒரே நாளில், 8 கிரே அளவில் தந்தாலும் நிவாரணம் ஏறக்குறைய அதே அளவு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்குத்தான் பிறகு மறுபடி தர நேரிடும். டெல்டா கிராமத்திலிருந்து இடுப்பெலும்பு வலியோடு பஸ்ஸில் நகரத்துக்குப் போகிறவருக்கு, 10 தடவைக்கும் ஒரு தடவைக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சமா?