அஸ்வகந்தா: டென்மார்க்கில் தடை, கனடாவில் அனுமதி... ஒரே வேருக்கு ஏன் இத்தனை விதி?

சித்த மருத்துவத்தில் 'அமுக்கரா கிழங்கு' என்று நமக்குப் பழக்கமான அஸ்வகந்தா, இன்று மன அழுத்தம், தூக்கமின்மைக்கு என்று உலகம் முழுக்க மாத்திரையாகவும் பொடியாகவும் விற்பனையாகிறது. ஆனால், 2023-ல் டென்மார்க் இதற்குத் தடை விதித்தது. கனடாவில் இதே வேர் அரசு உரிமத்தோடு கடையில் கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்பதற்கு முன் அனுமதியே தேவையில்லை. அறிவியல் எல்லோருக்கும் ஒன்றுதானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

டென்மார்க் ஏன் தடை செய்தது?

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உணவு ஆய்வு நிறுவனம் 2020-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. தைராய்டு மற்றும் பாலின ஹார்மோன்களை அஸ்வகந்தா பாதிக்கலாம், கருச்சிதைவுக்கு வழிவகுக்கலாம் என்ற சந்தேகத்தை அது எழுப்பியது. 'இந்த அளவு வரை சாப்பிடலாம்' என்று ஒரு பாதுகாப்பான எல்லையை வரையறுக்க முடியவில்லை என்றும் சொன்னது. உணவுப் பொருள் என்றால் பாதுகாப்பு உறுதியாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அணுகுமுறை. அதனால் சந்தேகமே தடைக்குப் போதுமானதாக இருந்தது. இந்தியத் தரப்பு இந்த முடிவை ஏற்கவில்லை.

மற்ற நாடுகள் என்ன கேட்கின்றன?

கனடா: 2004 முதல் இயற்கை மருந்துப் பொருட்களுக்குத் தனி விதிமுறை உண்டு. பாதுகாப்பு, பலன், தரம் மூன்றுக்கும் சான்று காட்டினால்தான் 8 இலக்க உரிம எண் கிடைக்கும். பாரம்பரியப் பயன்பாடும் சான்றாக ஏற்கப்படுகிறது.

அமெரிக்கா: 1994-ல் வந்த சட்டப்படி இவை 'உணவுத் துணைப்பொருட்கள்'. பாதுகாப்புக்கு நிறுவனமே பொறுப்பு. சந்தையிலிருந்து நீக்க வேண்டுமென்றால், அது ஆபத்தானது என்று எஃப்.டி.ஏ. அமைப்புதான் காட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம்: மூலிகை மருந்தாகப் பதிவு செய்ய எளிய வழி ஒன்று 2004-ல் கொண்டுவரப்பட்டது. குறைந்தது 30 ஆண்டுகள், அதில் 15 ஆண்டுகள் ஒன்றியத்துக்குள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும்.

இந்தியா: 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் பட்டியலிட்டுள்ள சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களின் முறைப்படி தயாரித்தால், பொதுவாகப் புதிய மருத்துவப் பரிசோதனை தேவையில்லை.

ஆக, வித்தியாசம் ஆய்வுக்கூடத்தில் இல்லை. சான்றை யார் காட்ட வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

'காலம் காலமா சாப்பிடுறோமே', அது போதாதா?

ஓரளவுக்குத்தான். சாப்பிட்ட உடனே வரும் பாதிப்பைப் பாரம்பரிய அனுபவம் கண்டுபிடித்துவிடும். ஆனால் பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு, அதுவும் சில வாரங்கள் கழித்து வரும் கல்லீரல் பாதிப்பை அந்த மருந்தோடு முடிச்சுப் போடுவது கஷ்டம். ஐஸ்லாந்து, அமெரிக்காவில் அஸ்வகந்தா எடுத்த 5 பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை 2020-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை, நான்கு பேர் குணமடைந்தது உறுதியானது. இப்படி மருத்துவர்கள் தரும் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அரிதான ஆபத்து தெரியவரும்.

இன்னொன்று, பொருளே மாறிவிட்டது. பாலில் கலந்து சாப்பிடும் சூரணமும், வேரின் சாரத்தைச் செறிவூட்டி அடைத்த கேப்சூலும் ஒன்றல்ல. செடியின் எந்தப் பாகம் என்பதும் முக்கியம். அஸ்வகந்தா இலையைத் தயாரிப்புகளில் பயன்படுத்த வேண்டாம் என்று 2021-ல் ஆயுஷ் அமைச்சகமே உற்பத்தியாளர்களை அறிவுறுத்தியது.

உலக அளவில் ஒரே விதி வருமா?

இப்போதைக்கு இல்லை. மூலிகை மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளை இணைக்கும் ஒரு வலையமைப்பை உலக சுகாதார அமைப்பு 2006-ல் தொடங்கியது. பாரம்பரிய மருத்துவத்துக்கான அதன் உலகளாவிய மையம் 2022-ல் குஜராத்தின் ஜாம்நகரில் அமைக்கப்பட்டது. ஆனால் எதை அனுமதிப்பது என்பது அந்தந்த நாட்டின் முடிவு.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

* லேபிளில் இருப்பது ஆயுஷ் மருந்து உரிம எண்ணா, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு உரிம எண்ணா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு.
* வேரா, இலையா, பொடியா, சாரமா என்பதையும் அளவையும் படியுங்கள்.
* கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தைராய்டு, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.
* வேறு நோய்க்கு மருத்துவரைப் பார்க்கும்போதும், 'இயற்கை மருந்துதானே' என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.