கம்பஸ் வாசலில் நிற்கிற மொழி

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போற பஸ்ஸில் ஏறினால், செங்கலடி தாண்டின கையோட வந்தாறுமூலை வரும். கிழக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர்ப்பலகை சொல்லும்; எங்களுக்கு அது எப்பவும் 'கம்பஸ்'தான். இந்த வாசலுக்குள் போக என்ன மொழி வேணும்? நூறு வருசமாக இந்தக் கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வந்திருக்கு.

வெள்ளைக்காரன் காலத்தில் விடை சுலபம்: இங்கிலிஸ். 1942 வரை இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகள்தான் வழி. பெரிய கல்லூரிகளில் லத்தீனும் படிப்பித்தார்கள். கேம்பிரிட்ஜ் 1919 வரையும் ஒக்ஸ்போர்ட் 1920 வரையும் கிரேக்கம் தெரியாதவனை உள்ளே எடுக்கவில்லை. அந்த நாட்டுப் பிள்ளைக்கே அந்நிய மொழி ஒரு வேலிதான்.

காரைதீவு மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணினார். பிறகு லண்டன் பி.எஸ்சி. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். தமிழ்ப் புலமை அவருடையது. ஆனால் அவர் காலத்தில் மேற்படிப்புக் கதவைத் திறந்த சாவி இங்கிலிஸ். அந்தச் சாவி காசு கட்டிப் படிக்கிற ஆங்கிலப் பள்ளிகளின் கையில் இருந்தது. வயல்கார வீட்டுப் பிள்ளைக்கு எட்டாது.

கன்னங்கரா செய்த வேலை இங்கேதான் பெரிசு. 1945இல் இலவசக் கல்வி. கூடவே கிராமங்களில் மத்திய கல்லூரிகள், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில், தங்கிப் படிக்க விடுதி. வந்தாறுமூலை மத்திய கல்லூரியும் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். காசில்லாத பிள்ளையும் இங்கிலிஸ் படித்து மேலே போகலாம் என்றாச்சு.

பிறகு சுயமொழிக் கல்வி. 1960 அளவில் கலைப் பாடங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பல்கலைக்கழகத்தில் படிக்க வழி வந்தது. கதவு அகலமானது, ஆனால் நூலகத்தில் இருந்த புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலிஸில்தான் இருந்தன. விஞ்ஞானமும் மருத்துவமும் மொழி மாறவில்லை.

1971இல் விடை தலைகீழானது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு, தமிழில் பரீட்சை எழுதினவருக்கு 250 புள்ளி வேணும். சிங்களத்தில் எழுதினவருக்கு 227 போதும். அதுவரை அந்நிய மொழி தெரியாததுதான் குற்றம். இப்போது சொந்த மொழியில் எழுதினதே குற்றம். தரப்படுத்தல் ஒரு தலைமுறையின் கோபமானது இப்படித்தான். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது. மட்டக்களப்பு மாதிரிப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழி கொஞ்சம் திறந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேணும். தமிழர் எல்லாருக்கும் ஒரே வரலாறு இல்லை.

1981 ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, அதே மத்திய கல்லூரி வளவில். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். இலவச இங்கிலிஸ் கொடுக்க வந்த இடமே கம்பஸ் ஆனது!

இன்றைக்கு ஏஎல்லில் பொது ஆங்கிலம் எழுதுகிறோம். அந்தப் புள்ளி இசட் ஸ்கோரில் சேராது. ஆக, வேலி வாசலில் இல்லையென்று நினைப்போம். விஞ்ஞானம், விவசாயம் என்று உள்ளே போனால் முதல் விரிவுரையிலேயே அது முன்னால் நிற்கும். தமிழில் ஏஎல் எழுதி நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளை, விளங்காத மொழியில் நோட்ஸ் எடுக்கும். ரவுணில் ரியூசனுக்குக் காசு கட்டினவர் சமாளிப்பார். படுவான்கரையிலிருந்து வந்தவர் வாய் திறக்காமல் பின் வாங்கில் இருப்பார். கெட்டித்தனத்தில் குறை இல்லை. பாடசாலையில் இங்கிலிஸ் ரீச்சர் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே நாங்கள் இங்கிலிஸை எதிர்க்கவில்லை. ஒரு மொழியைத் தகுதியாகக் கேட்கிற அரசு, அதை முதலில் எல்லாப் பிள்ளைக்கும் கற்பிக்க வேணும். 1940களில் ஒரு அமைச்சர் இதை விளங்கியிருந்தார். அதற்குச் சாட்சி இந்த வளவுதான். அடுத்த முறை கம்பஸ் கேற்றைத் தாண்டும்போது ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ.