தறியும் தொட்டிலும்: பெண்களின் நிரந்தரக் கருத்தடை கடந்து வந்த பாதை

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை நெசவுக்கு ஒருவரின் கை போதாது. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக ஓரத்தில் மற்றொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்தத் துணைக்கை பல வீடுகளில் பிள்ளையின் கையாகவே இருந்தது. பிள்ளைகளின் கையும் தேவைப்பட்ட இவ்வூரின் சுவர்களிலும் "நாம் இருவர், நமக்கு இருவர்" எனும் வாசகம் ஏறியது. அது எவ்வாறு வந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

தமிழகத்தில் இப்பேச்சு பழையது. 1930ஆம் ஆண்டளவிலேயே பெரியார் குடி அரசு இதழில் கருத்தடையை ஆதரித்து எழுதினார். பெண்ணின் விடுதலையே அவர் முன்வைத்த காரணம். அரசின் கணக்கோ வேறு. 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்தபோது அறுவை சிகிச்சையை வலியுறுத்தினார். 1950களின் பிற்பகுதியிலேயே அதைச் செய்துகொள்வோருக்கு இம்மாநிலம் ரொக்கம் வழங்கத் தொடங்கியது. ஏழையின் கையில் வைக்கப்படும் பணம் அவருடைய சம்மதத்தை எந்த அளவு சம்மதமாக விட்டுவைக்கும்?

நெருக்கடி நிலையின்போது கேள்வியே எழவில்லை. 1976-77இல் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலானவை ஆண்களுக்கு. அரியானாவின் உட்டாவர் கிராமத்தில் மேவ் முஸ்லிம் ஆண்கள் காவலர்களால் சுற்றிவளைக்கப்பட்டு அழைத்துச் செல்லப்பட்டனர். 1977 தேர்தலில் ஆட்சி வீழ்ந்தபின் ஆண்களை நெருங்க அரசுகள் தயங்கின. சுமை பெண்கள்மீது இறங்கியது. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பலர் இறந்தனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு உத்தரவிட்டது.

மார்க்கத்தின் நிலை என்ன? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் அஸ்ல் செய்துவந்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பிள்ளைப்பேற்றில் இடைவெளி விடுவதற்கு அறிஞர்கள் இதிலிருந்து இடம் காண்கின்றனர். ஆனால், பிறப்பாற்றலையே நிரந்தரமாக நீக்குவது வேறு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, மார்க்கம் ஏற்கும் நிர்ப்பந்தம் இல்லாதபோது அது கூடாது என்றும், தற்காலிக முறைகளைத் தம்பதியர் பரஸ்பர இசைவுடன் கையாளலாம் என்றும் தீர்மானித்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என நம்பத்தக்க மருத்துவர் கூறும் இடம் அத்தகைய நிர்ப்பந்தத்துள் அடங்கும்.

குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து, மனமொப்பிச் செய்வதாகவே அல்குர்ஆன் 2:233 வசனம் பேசுகிறது. அவ்வாறிருக்க, திரும்பப் பெறுவதற்கு அரிய ஒரு முடிவைப் பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணிடம் கையெழுத்தாக வாங்குவது எங்ஙனம் நீதியாகும்? கணவரோ, மாமியாரோ, மருத்துவமனையோ அவளுக்காக முடிவெடுத்துவிட முடியாது. பிரசவத்துக்குப் பல மாதங்கள் முன்பே, ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்து, இருவரும் அமர்ந்து பேசுவோம். அவள் "வேண்டாம்" என்றால் அச்சொல்லுக்கு மதிப்பளிப்போம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.